டேண்டம் ஸ்கை டைவிங்: வெளிக் கேமராவுக்குக் கூடுதல் காசு தரலாமா?

பட்டாயா டூர் போன பையன்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடியோ கொண்டுவந்ததே பெரிய விஷயம். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். அவனும் அவன் கூட்டாளியும் தாய்லாந்தில் டேண்டம் ஸ்கை டைவிங் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் நம்மைத் தன் முன்னால் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பார், நாம் கத்தினால் போதும். இருவரும் ஒரே விமானத்தில் ஏறி, கிட்டத்தட்ட 13,000 அடியில் குதித்தவர்கள். ஆனால் கூட்டாளி வாங்கியது ஹேண்ட்கேம் பேக்கேஜ், மச்சான் கூடுதலாகக் காசு கட்டி வெளிக் கேமரா வாங்கியிருக்கிறான். தண்டையார்பேட்டையில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று எடுத்து எடிட் செய்கிற கடை வைத்திருப்பதால் இரண்டு பென் டிரைவும் என் மேசைக்கு வந்தன. "மாமா, ரீல்ஸுக்கு வெட்டிக் குடுங்க." வெட்டுவதற்கு முன்னால் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தேன். கம்பெனி பெயர் எழுதப் போவதில்லை, இது அந்த இரண்டு பேக்கேஜ் பற்றி மட்டும்.

முதலில் ஹேண்ட்கேம். பயிற்சியாளரின் இடது கையில் கையுறையோடு சேர்த்துக் கட்டிய சின்ன ஆக்‌ஷன் கேமரா, அவ்வளவுதான். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபி. கை எட்டுகிற தூரத்தைத் தாண்டி அது போகாது, லென்ஸ் வேறு அகலமானது, அதனால் மூக்கு முன்னால் வந்து நிற்கும், அடிவானம் வளைந்து தெரியும், காற்றில் கன்னம் இரண்டும் காதுப் பக்கம் ஓடிப்போய்ப் படபடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். அந்தக் கைக்கு வேறு வேலையும் இருக்கிறது: உயரம் பார்க்க வேண்டும், திரும்புவதற்குக் காற்றைத் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் எல்லாம் ஃப்ரேமில் வெறும் வானம், இல்லாவிட்டால் பயிற்சியாளரின் தாடை. ஆனால் ஒரு விஷயத்தில் ஹேண்ட்கேம்தான் ஜெயிக்கிறது, பாராசூட் விரிந்த பிறகு. காற்று சத்தம் அடங்கி, கீழே ஊரைப் பார்த்துக்கொண்டே இறங்குகிற அந்தச் சில நிமிடம் முழுவதும் அதில் குரலோடு இருக்கிறது. கூட்டாளி அப்போது அம்மாவுக்கு ஹலோ சொல்கிறான். வெளிக் கேமராவில் இது கிடையாது, ஏனென்றால் அந்தக் கேமராவோடு தனியாகக் குதிக்கிற ஆள் அதற்குள் எங்கேயோ கீழே போய்விட்டிருப்பார்.

சரி, வெளிக் கேமராவுக்கு வருவோம். தனியாக ஒருவர் தன் பாராசூட்டோடு கூடவே குதிக்கிறார், கேமரா ஹெல்மெட்டில். கேமரா என்னவோ கிட்டத்தட்ட அதே ரகம்தான். நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசு அந்த ஆளின் உடம்புக்கு, அதை அவர் காற்றில் எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதற்கு. இது புரியாமல் பேக்கேஜ் விலையைப் பார்த்து "ஒரே கேமராவுக்கு இவ்வளவா" என்று நிறையப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

வெளியேறும் ஷாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் கேமராக்காரர் முதலில் வெளியே போய், விமானத்தின் பக்கவாட்டில் கதவுக்குப் பின்பக்கம் இருக்கிற சின்னப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறார். உள்ளே டேண்டம் ஜோடி விளிம்பில் உட்கார்ந்து ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே ஆடுகிறது. அவர்கள் விடுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னால் இவர் கையை விட வேண்டும். அதிகம் முந்தினால் ஜோடி தூரத்தில் ஒரு புள்ளி, பிந்தினால் முகத்துக்குப் பதில் முதுகு. அதோடு விமானத்தை விட்ட முதல் சில விநாடிக்குக் காற்று கீழிருந்து வராது, விமானம் போகிற திசையிலிருந்து எதிரே வரும். நெஞ்சை அந்தக் காற்றுக்குக் கொடுத்து, கைகால் விரித்து, முகத்தைக் கதவை விட்டு எடுக்காமல் விழ வேண்டும். நெஞ்சு கொஞ்சம் தப்பான பக்கம் இருந்தால் ஆள் குட்டிக்கரணம் போட்டுவிடுவார், வீடியோவில் வானம், தரை, வானம், தரை என்று ஓடும். மச்சானுடைய ஆள் இதைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். மச்சான் தலையைப் பயிற்சியாளர் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் ஹார்னஸை (உடம்பைச் சுற்றிக் கட்டிய பட்டைகளை)ப் பிடித்து, கண்ணை இறுக மூடி, உதட்டில் ஏதோ சாமி பேரோடு வெளியே வருகிறான். அவன் தலைக்கு மேல் விமானத்தின் வெள்ளை வயிறு முழுசாக ஃப்ரேமில் இருக்கிறது. இந்த ஒரு ஷாட்டுக்கே பாதிக் காசு கழிந்துவிட்டது என்பேன்.

அதற்கப்புறம் 45, 50 விநாடி சும்மா விழுவது. இங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். காசிமேட்டில் ஒரு போட்டில் நின்றுகொண்டு பக்கத்தில் ஓடுகிற போட்டில் இருப்பவர் முகத்தை எடுத்துப் பாருங்கள், அந்தக் கஷ்டம்தான், இதில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். தலை எங்கே திரும்புகிறதோ அதுதான் ஃப்ரேம், அதனால் தலையை ஆட்டாமல் மிச்ச உடம்பால் பறக்க வேண்டும். குப்புற விழுகிறவர் காலை நீட்டினால் முன்னால் போவார், காலை மடக்கிக் கையால் காற்றைத் தள்ளினால் பின்னால் வருவார். கேமராக்காரரின் ஜாக்கெட்டில் கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி இறக்கை இருக்கும். கையை விரித்து நெஞ்சைக் குழித்தால் காற்று பிடித்து மேலே ஏறுவார் (நிஜமாக ஏறுவதில்லை, ஜோடியைவிட மெதுவாக விழுகிறார்). கையை ஒடுக்கி இடுப்பை முன்னால் தள்ளினால் கீழே இறங்குவார். போட்டோ கேமராவின் பட்டன் பல்லுக்கு நடுவே, கடித்தால் கிளிக். கை இரண்டும் பறக்கிற வேலையில் இருக்கும்போது வேறு வழி?

ஓரிடத்தில் வீடியோவை நிறுத்தி மச்சானின் மூக்குக் கண்ணாடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் கேமராக்காரர் முழுசாகத் தெரிகிறார்! முழங்கால் தோள் அகலத்துக்கு விரிந்து கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது, கைகள் பக்கவாட்டில் இறங்கி இறக்கையை இழுத்துப் பிடித்திருக்கின்றன. படுத்த மாதிரியும் இல்லை, நின்ற மாதிரியும் இல்லை, நடுவில் ஒரு நிலை. அவர் நிற்கிற இடம் பயணியின் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நேர் எதிரே. மேலே இருந்து எடுத்தால் பயிற்சியாளர் தலையும் பின்னால் பழுப்பு வயலும்தான் வரும். ரொம்பக் கீழே போனால் முகம் கறுத்து மூக்குத் துவாரம் தெரியும். இந்த மட்டத்தில் வைத்தால் முகமும் கிடைக்கும், அடிவானமும் கிடைக்கும், பயணியும் தரையைப் பார்க்காமல் தலையைத் தூக்கி எதிரே பார்ப்பார். வெயில் கேமராக்காரரின் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஜோடியைச் சுற்றி வந்ததையும் கவனித்தேன், முகத்தில் ஒரே ஒரு நிழல்கூட இல்லை. மண்டபத்தில் மூன்று லைட் போட்டும் எங்களுக்குச் சில சமயம் இது வராது.

இதே வேலை சொதப்பினால் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பெரம்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் முன்பு வேறொரு நாட்டில், வேறோர் இடத்தில் குதித்த வீடியோவை எடிட் செய்யக் கொடுத்திருந்தார். இரண்டு பேர் ஒன்றாகக் கட்டிக்கொண்டு விழுந்தால் வேகம் 270 கிலோமீட்டரைத் தாண்டிவிடும், அதனால் பயிற்சியாளர் குதித்த சில விநாடியில் ட்ரோக் என்கிற குட்டிப் பாராசூட்டைப் பின்னால் வீசி, தனி ஆள் விழுகிற வேகத்துக்குக் கொண்டுவருவார். அது விரியும் நொடியில் கேமராக்காரரும் இறக்கையை விரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரம்பூர் வீடியோவில் அந்த ஆள் தூங்கிவிட்டார். ஜோடி மேலே போகிறது, இவர் கீழே போகிறார், ஃப்ரேமில் இரண்டு ஜோடி ஷூ அடிப்பாகம். திரும்ப மேலே வந்து சேர்வதற்குள் பாதி நேரம் காலி. அந்தப் பயணி நல்ல கனமான ஆசாமி என்றால்கூட ஒப்புக்கொள்ளலாம், கனமான ஜோடி வேகமாக விழும், துரத்துவது கஷ்டம். ஆனால் இவர் ஒல்லி. காசு கட்டியவருக்கு மிஞ்சியது சில விநாடி முகம்.

இரண்டு இடம் கேமராக்காரருக்கு ஆகாது. ஒன்று ஜோடிக்கு நேர் மேலே. விழுகிற உடம்புக்கு மேலே காற்று உடைந்து கிடக்கும், அதற்குள் போனால் பிடிமானம் இல்லாமல் அவர்கள் மேலேயே விழுவார், ட்ரோக்கும் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று நேர் கீழே. அவர் பாராசூட் தவறிப்போய்த் திறந்துகொண்டால் ஜோடி அதில் வந்து மோதும். ஆனால் எல்லோரும் ஆசைப்படுகிற ஷாட் கீழிருந்துதான் வருகிறது: மல்லாக்கப் படுத்து மேலே பார்த்தால் ஜோடி, அதற்கு மேல் ட்ரோக், மற்றதெல்லாம் நீலம். மச்சான் வீடியோவில் அவர் இதைச் சில விநாடி எடுத்திருக்கிறார், நேர் கீழே போகாமல் முன்பக்கம் தள்ளி வைத்து. அது எனக்குப் பிடித்தது. கிட்டே வந்து கை கோத்துச் சுற்றுகிற ஷாட்டும் இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. எனக்கு இல்லை, அவ்வளவு கிட்டத்தில் போனால் அதுவும் ஹேண்ட்கேம் மூஞ்சிதான்.

டிவியில் போட்டுக் காட்டியபோது பாராசூட் விரிகிற இடத்தில் என் மாமியார் கத்திவிட்டார்: "ஐயோ, புள்ளைய மேல இழுத்துட்டுப் போவுதே!" யாரும் மேலே போகவில்லை. 5,500 அடி வாக்கில் ஜோடி பாராசூட்டைத் திறந்து நிதானிக்கிறது, கேமராக்காரர் அதே வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார், அதனால் அப்படித் தெரிகிறது. குப்புற இருந்து அப்படியே உட்கார்ந்த நிலைக்கு வந்து தலையை அண்ணாந்து எடுத்தால்தான் துணி பையிலிருந்து உருவி விரிவதுவரை ஃப்ரேமில் நிற்கும். அடுத்து மாமியார் கேட்டதுதான் நல்ல கேள்வி, "அப்ப இவன் எப்படி இறங்குவான்?" கேமராக்காரர் இன்னும் கீழே போய்த் தன் பாராசூட்டைத் திறந்து, முதலில் இறங்கி, ஓடிவந்து மச்சான் இறங்குவதையும் எடுத்திருக்கிறார். இதையெல்லாம் புதுசாகக் கற்றுக்கொண்டவர் செய்ய முடியாது. கேமராவை மாட்டுவதற்கே குறைந்தது 200 முறை குதித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரை, பயணிகளை எடுக்க அதைவிட அனுபவம் வேண்டும்.

குறை இருக்கிறது. அவர்கள் எடிட் செய்து கொடுத்த பதிப்பு சுமார். ஆரம்பத்தில் லோகோ சுற்றோ சுற்று என்று சுற்றுகிறது, எல்லோருக்கும் போடுகிற அதே பாட்டு, நல்ல வெளியேறும் ஷாட்டை நடுவில் வெட்டி டைட்டில் வைத்திருக்கிறார்கள். மச்சான் வெட்டாத மூலக் கிளிப்புகளையும் கேட்டு வாங்கி வந்ததால் தப்பித்தோம். நீங்களும் காசு கட்டும்போதே கேட்டுவிடுங்கள், ஊருக்கு வந்து மெயில் போட்டால் கார்டை அழித்துவிட்டோம் என்பார்கள்.

பட்ஜெட் இடித்தால் ஹேண்ட்கேம் போதும், குதித்ததற்குச் சாட்சி இருக்கும். ஒரே தடவைதான் போகப் போகிறோம் என்றால் வெளிக் கேமரா வாங்குங்கள், ஆனால் அந்தக் கேமராக்காரர் எடுத்த பழைய வீடியோ ஒன்றைக் காட்டச் சொல்லி, ட்ரோக் விரிகிற இடத்தில் ஜோடி ஃப்ரேமில் நிற்கிறதா என்று பாருங்கள். குதித்த பிறகு பயிற்சியாளர் தோளில் தட்டினால் கையை விரியுங்கள், இடுப்பை முன்னால் தள்ளியே வையுங்கள், கேமராவைப் பாருங்கள். அப்புறம் உடுப்பு. மச்சான் வானநீல டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். மல்லாக்கப் படுத்து எடுத்த அந்த அருமையான ஷாட்டில் தலையும் ஹார்னஸும் இரண்டு கையும் மட்டும் தனித்தனியாக மிதக்கின்றன, அதைக் கலர் கரெக்‌ஷனில் பிரித்தெடுக்க ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது. சிவப்போ மஞ்சளோ போடுங்கள்.