ரப்பர் விமானத்தின் இறக்கைக்குக் காகிதமா, படலமா?

பி-30 என்பது, முறுக்கிய ரப்பரின் விசையில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கான ஒரு போட்டிப் பிரிவு. அந்தப் பிரிவைச் சேர்ந்த என் விமானத்துக்குக் கழற்றி மாற்றக்கூடிய இரண்டு இறக்கைகள் இருக்கின்றன. முதலாவதற்கு, வழக்கப்படி, டிஷ்யூ காகிதம் ஒட்டி, அதை இழுத்து இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசினேன். இரண்டாவதற்கு மைலார் எனப்படும் மெல்லிய பாலியெஸ்டர் படலம் போர்த்தினேன். இரண்டுமே ஒரே உடலில் பொருந்தும். முறை வைத்து மாற்றி மாற்றிப் பறக்கவிட்டேன். இப்போது மைதானத்துக்குக் கிளம்பும்போது படல இறக்கையைத்தான் எடுக்கிறேன்.

எடையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 5 மைக்ரான் படலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம். நல்ல டிஷ்யூ அதைவிடக் கனம்; அதன் மேல் டோப்பின் எடையும் சேரும். ஆனால் பி-30 விதிப்படி, 30 அங்குல இறக்கை நீளமும் 10 கிராம் ரப்பரும் வரம்பு என்பதுபோல, ரப்பர் நீங்கலாக விமானத்தின் எடை 40 கிராமுக்குக் குறையவும் கூடாது. கவனமாகக் கட்டுகிறவருக்கு அந்த 40 கிராமுக்குள் இரண்டு உறைகளுமே அடங்கும். அழகில் காகிதத்தை எதுவும் மிஞ்சாது. சூரியனுக்கு எதிரே வண்ண டிஷ்யூவின் ஊடாக விலாக்கள் நிழலாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

என் முடிவைத் தீர்மானித்தது இறக்கையின் முறுக்கு. 1871-இல் பாரிஸில் பிரெஞ்சு விமான முன்னோடி அல்போன்ஸ் பெனோ தன் ரப்பர் விமானத்தை 11 நொடி பறக்கவிட்ட நாளிலிருந்து இந்தக் கலையின் அடிப்படை மாறவில்லை. கையை விட்டபின் விமானத்துக்கு நாம் எதுவும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் அதன் வடிவத்தில் முன்பே எழுதி வைத்தாக வேண்டும். என் விமானம் வலப்புறமாக வட்டமிட்டு ஏறி, வலப்புறமாகவே வட்டமிட்டு இறங்கும். அப்படி ஏறும்போது வட்டத்தின் உட்பக்கம் இருக்கும் வலது இறக்கை தாழ்ந்து போகாமல் இருக்க, அதன் உட்பகுதியில் பின்விளிம்பை 3 மில்லிமீட்டர் கீழே இறக்கி முறுக்கி வைத்திருக்கிறேன். முழுக்க முறுக்கிய ரப்பரின் முதல் சில நொடி வேகத்தை அடக்கி ஆள்வது இந்த 3 மில்லிமீட்டர்தான்.

காகித இறக்கை அதை வைத்துக்கொள்வதில்லை. ஒரு மாலை, குறை ஒன்றும் சொல்ல முடியாதபடி பறந்தது. மறுநாள் விடியற்காலை, புல்லில் பனி இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, ரப்பரை முழுக்க முறுக்கி விட்டேன். ஒரு வட்டம் ஏறியது. அடுத்த வட்டத்தில் வலது இறக்கை சரிந்து, சுழன்றுகொண்டே தரைக்கு வந்தது. ரப்பரைப் பாதி மட்டும் முறுக்கி ஒருமுறை சோதித்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் இறக்கையைச் சமமான பலகையில் வைத்து, பின்விளிம்புக்கு எஃகு அளவுகோலைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மதியம் காகிதம் உலர்ந்து மறுபடி இழுத்துக்கொண்ட பிறகு அளந்தால் இரண்டரை. ஒரே நாளில் ஒரே இறக்கை இரண்டு வெவ்வேறு இறக்கைகளாக நடந்துகொண்டது. டோப் பூசினாலும் காகிதம் ஈரத்தை வாங்கும், விடும். பூச்சைக் கூட்டினால் ஈரம் உள்ளே போவது குறைகிறது; ஆனால் இழுவை கூடி மெலிந்த பின்விளிம்பு வளையத் தொடங்குகிறது. கொதிகெண்டியின் ஆவியில் காட்டி முறுக்கைத் திருத்தி, ஊசி குத்திப் பலகையில் உலர வைப்பது பல மாதங்கள் என் வாராந்திர வேலையாகவே இருந்தது.

படல இறக்கையிலும் அதே 3 மில்லிமீட்டரை வைத்தேன். இறக்கையைக் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் சூடான சிறு இஸ்திரியை ஓட்டினால் படலம் புதிய நிலையில் இழுத்து நின்றுவிடுகிறது. அதன்பின் பனிக்காலைகளிலும் உச்சிவெயிலிலும் அளந்திருக்கிறேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் அசைந்ததில்லை. அந்த அரையும் பால்சா மரம் வாங்கிய ஈரமாக இருக்கலாம் என்பதால், போர்த்துமுன் சட்டத்துக்கு மட்டும் ஒரு கை மெல்லிய டோப் கொடுக்கிறேன்.

இதற்குக் கொடுக்கும் விலை விறைப்பு. சட்டம் மட்டும் இருக்கும்போது இறக்கையின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஈரத்துண்டைப் பிழிவதுபோலத் திரும்பும். காகிதம் ஒட்டி டோப் காய்ந்ததும் அதே இறக்கை கைக்கு அசைந்து கொடுக்காது. படலமோ அந்த உறுதியில் சிறு பங்கைத்தான் தருகிறது. அதனால் பழைய வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு உறையை மட்டும் மாற்றினால், ரப்பரின் முதல் வேகத்தில் இறக்கை படபடக்கும். நான் நேர் விலாக்களுக்கு இடையே சாய்வு விலாக்களை வைத்து, பெட்டிக்குப் பெட்டி முக்கோணங்களாகக் கட்டினேன். கூடுதலாக ஒரு கிராமுக்குச் சற்று மேல் பால்சாவும் ஒரு மாலை நேர உழைப்பும் ஆயின. ஒருமுறை செய்தால் தீர்ந்துபோகும் வேலை அது. காகிதத்தின் முறுக்கைத் திருத்தும் வேலைக்கோ முடிவே கிடையாது.

போர்த்துவதில் கற்றுக்கொள்ள எளிது காகிதம்தான். படலத்துக்குச் சட்டத்தின் மேல் நீர்த்த காண்டாக்ட் பசையைத் தடவி உலரவிட்டு, பிறகு சூட்டில் ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் குழிந்த இறக்கையென்றால் ஒவ்வொரு விலாவிலும் பசை பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் சுருக்கும்போது படலம் விலாவை விட்டு நேர்கோட்டில் எழும்பிவிடும். முதல் முயற்சியில் ஒரு பகுதியை உரித்து மறுபடி போர்த்தினேன். சட்டத்துக்குக் கொடுக்கும் அந்த ஒரு கையைத் தவிர டோப்பின் நெடி இல்லாதது இதில் பெரிய நிம்மதி.

கிழிசல் விஷயத்தில் படலம் தெளிவாக மேல். காய்ந்த தாள்கட்டைகள் நிறைந்த வயலில் இறங்கினால் காகிதத்தில் இரண்டு மூன்று ஓட்டைகளாவது விழும். ஒட்டுப்போட்டு டோப் பூசினால் அந்த ஒட்டும் இழுத்து முறுக்கை மாற்றும். படலத்தில் ஓட்டை விழுவதே அரிது. விழுந்தால் மெல்லிய ஒட்டுநாடா போதும், உடனே அடுத்த பறப்பு.

படலத்தின் மேல் காகிதத்தை ஒட்டி, இரண்டின் நன்மையையும் பெறுகிறவர்கள் உண்டு. ஒரு வால் இறக்கையில் மட்டும் நான் அப்படிச் செய்தேன். விறைப்பாக வந்தது, ஆனால் முழு இறக்கையில் எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. என் படல இறக்கைக்கு இரண்டு வயதுதான். ஐந்தாறு ஆண்டு வெயிலுக்குப் பின் அதன் பசை எப்படிப் பிடித்திருக்கும் என்பதையும் இனித்தான் பார்க்க வேண்டும்.

பழைய விமானங்களின் அசல் வடிவத்தைச் சிறிதாகக் கட்டுகிறவர்களுக்குக் காகிதத்தையே சொல்வேன். அந்த மங்கிய மேற்பரப்பைப் பளபளக்கும் படலம் தராது. கடிகாரத்தோடு போட்டியிட்டு, இரண்டு நிமிட இலக்கை விடிகாலையிலும் மாலையிலும் ஒன்றுபோல எட்ட வேண்டும் என்பவர்கள் படலத்துக்கு வாருங்கள். சாய்வு விலாக்களை மட்டும் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.