நகராமல் நின்ற படகில் குடியிருப்பு: கரீபிய ஊரடங்கில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

பாய்மரப் படகில் குடியிருக்கிறோம் என்றால் எல்லாரும் பயணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சொல்லப்போவது நின்ற கதை. 2020 மார்ச் 17 அன்று கொரோனாவுக்காக பிரான்ஸைப் பூட்டியபோது, கரீபியக் கடலில் பிரான்ஸின் பகுதியாக இருக்கும் மார்த்தினிக் தீவையும் சேர்த்தே பூட்டினார்கள். எங்கள் 38 அடிப் பழைய படகு அப்போது தீவின் தெற்கே செயின்ட் ஆன் கரைக்கு எதிரே நங்கூரத்தில் நின்றது. மே 11 வரை ஊரடங்கு. காய்கறி வாங்கக் கரைக்குப் போனாலும் காரணமும் நேரமும் எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 135 யூரோ அபராதம்.

நானும் கணவரும் இந்தப் படகை வாங்கும்போது அது எப்படி ஓடும் என்றுதான் பார்த்தோம். ஆனால் படகு எப்படி நிற்கிறது என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நின்றால் ஒவ்வொரு சாமானும் தன் குணத்தைக் காட்டிவிடும்.

முதலில் மின்சாரம். பின்பக்கச் சட்டத்தில் 400 வாட் சோலார் பேனல். காகிதக் கணக்குப்படி அது எங்களுக்கு மிச்சம். நடந்தது வேறு. அந்தக் கடலில் காற்று ஓயாமல் கிழக்கிலிருந்து வரும், நங்கூரத்தில் நிற்கும் படகும் காற்றைப் பார்த்துத் திரும்பியே நிற்கும். காலை வெயில் முன்பக்கத்திலிருந்து வருவதால் பாய்மரத்தின் நிழல் நேரே பின்னாலிருக்கும் பேனல் மேல் விழும். கை அகல நிழல்தான், அதற்கே ஆம்பியர் சடாரென்று இறங்கும். மத்தியானத்துக்கு மேல்தான் முழு வரவு. ஃபிரிட்ஜ் ஒன்றே எங்கள் செலவில் பாதியைத் தின்றது. அதனால் ஐஸ் பிடிப்பது, லேப்டாப் சார்ஜ், தண்ணீர் தயாரிப்பு எல்லாவற்றையும் மதியத்துக்குத் தள்ளினோம், அப்புறம் இரவில் பேட்டரியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஜூன் பின்பாதியில் சஹாரா பாலைவனப் புழுதி கடல் தாண்டி வந்தது. அந்த வருடம் வந்தது வழக்கமில்லாத அளவு. வானம் பால் கலந்த மாதிரி வெளுத்து, கயிறு, பாய், பேனல் எல்லாவற்றிலும் செம்மண் பூச்சு. ஈரத்துணியால் அடிக்கடி துடைக்காவிட்டால் சார்ஜ் ஏறாது.

தண்ணீர் விஷயத்தில் வாட்டர்மேக்கருக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன இயந்திரம், கடல்நீரை 50 பாருக்கு மேல் (சாதாரணக் காற்றழுத்தம் போல ஐம்பது மடங்குக்கு மேல்) அழுத்தி, உப்பைத் தடுக்கும் மெம்பிரேன் என்ற சவ்வின் வழியே தள்ளுகிறது, மணிக்கு 25 லிட்டர் போலக் கிடைக்கும். கரைக்குழாயைத் தேடிக் கேனோடு போகவேண்டிய அவசியமே வரவில்லை. ஆனால் இதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால் மெம்பிரேன் போய்விடும், அதனால் அது தயாரித்த தண்ணீராலேயே அலசுவது நல்லது. நெருக்கமாகப் படகுகள் நிற்கும் இடத்தில் கடலும் கலங்கல்தான், முன் ஃபில்டர் சீக்கிரம் அடைத்தது. கூடுதல் ஃபில்டர்கள் கையிருப்பில் இருந்ததால் பிழைத்தோம்.

எங்களை உண்மையாகவே வாட்டியது படகின் அடிப்பாகம். கடற்கரைகளை மூடியதோடு நீந்தவும் தடை போட்டிருந்தார்கள், எனவே கீழே இறங்கிச் சுரண்ட வழியில்லை. ஓடும் படகில் பாசி பிடிக்கும், நிற்கும் படகில் ஒரு ஊரே குடியேறும். தடை நீங்கி இறங்கிப் பார்த்தால் புரொப்பெல்லர் இருக்கும் இடமே தெரியாத அளவு கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிரி), நங்கூரச் சங்கிலி கட்டைவிரல் கனத்திலிருந்து கை கனத்துக்குப் போயிருந்தது. பெயிண்ட் சுரண்டும் தகட்டால் தள்ளத் தள்ளச் சுண்ணாம்புத் தூள் மாதிரி தண்ணீர் வெளுக்கும், அதிலிருந்து கிளம்பும் கடுகளவு இறால் போன்ற பூச்சிகள் தலைமுடியிலும் காதிலும் ஏறிக்கொள்ளும். ஈர நீச்சல் தொப்பி ஒன்றை நெற்றிவரை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

சமையலுக்கு பிரஷர் குக்கர். கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம், அலையில் கவிழ்ந்தாலும் கொட்டாது. பாத்திரம் முதலில் கடல்நீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். துவரம் பருப்பு கிடைக்கவில்லை, மஞ்சள் பட்டாணிப் பருப்பில் சாம்பார் ஒப்பேறியது. மசாலாவுக்குக் கவலையில்லை: 1853 முதல் மார்த்தினிக்கின் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்கள் வழியாக வந்த கொலொம்போ பொடி அங்கே எல்லாக் கடையிலும் உண்டு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு மணக்கும். தனியாக நிற்கும் அந்த நாட்களில் அந்த மணம் பெரிய ஆறுதல்.

கடைசிப் பிரச்சினை புயல் காலம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பல காப்பீடுகள் அப்போது படகு ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே இறங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். வழக்கமாக நிறையப் பேர் தெற்கே உள்ள டிரினிடாட் தீவுக்குப் போவார்கள், ஆனால் அது மார்ச்சிலேயே எல்லையை மூடி 2021 ஜூலை வரை திறக்கவில்லை. கிரெனடாவோ முன்பதிவு, நங்கூரத்திலேயே தனிமைப்படுத்தல், பரிசோதனை என்று ஒழுங்கு வகுத்துப் படகுகளை ஏற்றுக்கொண்டது. நாங்களும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். 2004இல் ஐவன் புயலில் நொறுங்கிய தீவு அது, 12 டிகிரி அட்சரேகையில் தெற்கே தள்ளி இருப்பதால் மட்டும் அங்கே பாதுகாப்பு வந்துவிடாது. ஜூலை பின்பாதியில் கோன்சாலோ புயல் எங்கள் பக்கம் வருவதாகச் சொன்னதும் பாய்களைக் கழற்றி மடித்து, வெயில் கூரையைப் பிரித்து, இரண்டாவது நங்கூரமும் போட்டோம். அது வலுவிழந்து 25ஆம் தேதி டிரினிடாட் பக்கம் ஒதுங்கியது. படகு வாங்க நினைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் காப்பீட்டுத் தாளில் அந்த அட்சரேகை வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். எங்கள் வருடம் முழுவதையும் தீர்மானித்தது அந்த ஒரு வரிதான்.