தீனபந்து சாண எரிவாயுக் கலன்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில், சாளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வீட்டின் பின்புறம், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டி, 2 கன மீட்டர் அளவுள்ள தீனபந்து வகைச் சாண எரிவாயுக் கலன் ஒன்று 2019ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஊரில் எல்லோரும் இதைக் கோபர் கேஸ் என்றே சொல்கிறார்கள். நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டின் சமையல் பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது. கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால், தினமும் சாணம் கரைப்பவளாகவும் அதே வாயுவில் சமைப்பவளாகவும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

‘அப்ரோ’ என்ற தொண்டு நிறுவனம் 1984இல் உருவாக்கிய வடிவம் இது. அதற்கு முன்பு பரவலாக இருந்தது கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் கலன். அதில் இரும்புத் தொப்பி ஒன்று சாணக் கரைசலின் மேல் மிதந்து, வாயு சேரச் சேர மேலெழும்பும். வாயு சீரான அழுத்தத்தில் வருவது அதன் சிறப்பு. தொப்பி துருப்பிடிப்பதும், ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டியிருப்பதும் அதன் குறை. தீனபந்துவில் இரும்பே கிடையாது. செங்கல்லும் சிமெண்டும் கொண்டு பூமிக்குள் கட்டிய குவிமாடத்தில் வாயு சேர்ந்து, கரைசலை அழுத்தி வெளியேற்றுத் தொட்டிக்குள் ஏற்றும். அடுப்பைத் திறந்ததும் அந்தக் கரைசல் மீண்டும் இறங்கி வாயுவைத் தள்ளும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் தேய்மானமும் இல்லை. எங்களுக்கு ஏறத்தாழ 1000 செங்கல்லும் 14 மூட்டை சிமெண்டும் பிடித்தன. குழி வெட்டிய கூலி, குழாய், அடுப்பு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆயிற்று.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 2 கன மீட்டர் என்பது குழியின் கொள்ளளவு அன்று. முழுத் தீனி கிடைத்தால் ஒரு நாளில் அது தரும் வாயுவின் அளவு. ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும் என்பதால், 2 கன மீட்டருக்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் வேண்டும். மாட்டுக்கு 10 கிலோ என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். நாங்களும் அப்படித்தான் போட்டோம். ஆனால் எங்கள் மாடுகளில் இரண்டு காங்கேயம் பசுக்கள். அவை பகல் முழுவதும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேய்வதால், அந்தச் சாணம் அங்குள்ள கொழுக்கட்டைப் புல்லுக்கு உரமாகிறதே தவிர எங்கள் தொட்டிக்கு வருவதில்லை. கட்டுத்தரையிலேயே நிற்கும் கலப்பின மாடு இரண்டும், இரவில் வந்து கட்டும் பசுக்களும் சேர்ந்து எங்களுக்குத் தருவது 30 கிலோதான். ஆகவே மாடுகளை எண்ணாமல், ஒரு வாரம் காலையில் கட்டுத்தரைச் சாணத்தைக் கூடையில் அள்ளி எடை போட்டுப் பார்த்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். இதை எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிறிய கலனாகக் கட்டியிருப்பேன்.

30 கிலோ சாணத்தில் கிடைக்கும் வாயு, ஓர் அடுப்பு இரண்டரை மணி நேரம் எரியப் போதுமானது. காலையில் இட்லியும் சாம்பாரும், பிறகு சோறும் பொரியலும், மாலையில் பாலும் இரவுச் சமையலும் என்று அந்த நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம். இரவு முழுவதும் சேர்ந்த வாயு காலையில் நல்ல வேகத்துடன் வரும். செலவாகச் செலவாக அழுத்தம் குறையும். எனவே வேகமாகக் காய வேண்டியதை முதலில் வைத்துவிட்டு, மெதுவாகக் காய வேண்டியதைக் கடைசியில் வைப்பது பழக்கமாகிவிட்டது. கடையில் வாங்கும் சாதாரண கேஸ் அடுப்பு இதற்குப் பொருந்தாது. சாண வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம் வரைதான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. அதனால் பெரிய துளையுள்ள தனி அடுப்பு தேவை. சுடர் நீலமாக, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலாக எரியும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதில்லை. சீமைக்கருவேல விறகில் பல ஆண்டு சமைத்த என் மாமியாருக்கு இருந்த விடியற்காலை இருமல் இப்போது பெரிதும் தணிந்திருக்கிறது. எனக்கு அதுவே முதல் லாபம்.

குளிக்க வெந்நீர் இன்னும் தென்னை மட்டையில்தான் காய்கிறது. அதையும் இந்த வாயுவில் செய்ய நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

எங்கள் கலன் தொடக்கத்தில் சரியாக இயங்கவில்லை. சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரியாகக் கரைத்து நிரப்பி, பக்கத்துத் தோட்டத்துக் கலனிலிருந்து பழைய கரைசல் சில குடம் கொண்டுவந்து ஊற்றி, 40 நாள் காத்திருந்தோம். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும், அது எரியாது, குழாயின் வாயிலேயே பற்றவைத்துப் பார்ப்பது ஆபத்து என்று தெரிந்திருந்ததால், அதை வெளியில் திறந்துவிட்டோம். அதற்குப் பிறகும் சுடர் விரல் உயரத்துக்கு எழுந்து அணைந்துகொண்டே இருந்தது. குவிமாடத்தின் மேல் மண்ணை விலக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, வாயுக் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி அரிசி மணி அளவில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. உட்புறப் பூச்சைப் பல அடுக்காகப் பூசி மெழுக வேண்டிய கொத்தனார் ஓர் அடுக்கை விட்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கரைசல் முழுவதையும் இறைத்து, உள்ளே நல்ல காற்று நிரம்பும் வரை பல நாள் திறந்து போட்டுவிட்டு, இந்த வேலையில் பயிற்சி பெற்ற வேறொருவரை அழைத்து மீண்டும் பூசினோம். அன்று முதல் இன்று வரை கசிவு இல்லை. வீடு கட்டும் கொத்தனார் எல்லோருக்கும் இந்த வேலை வந்துவிடாது. சாணத்தை நிரப்பும் முன்பே கலனைத் தண்ணீரால் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று கவனித்துவிட்டுக் கடைசித் தவணைக் கூலியைக் கொடுங்கள்.

அன்றாட வேலை அரை மணி நேரம் பிடிக்கும். “கரைக்கறப்ப கையில நெருடுனாப் போச்சு கண்ணு, மண்ணு அத்தனையும் அடியில போய் உக்காந்துக்கும்” என்று மாமியார் முதல் நாளே சொன்னது முற்றிலும் உண்மை. மண் அடியில் தங்கிக் கொள்ளளவைக் குறைக்கும். வைக்கோல் துரும்பு மேலே ஆடையாகப் படிந்து வாயுவைத் தடுக்கும். ஃபினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீரையும், ஊசி மருந்து போட்ட மாட்டின் சாணத்தையும் நாங்கள் சேர்ப்பதில்லை. உள்ளே வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும். சுடர் குடுகுடுவென்று துடித்தால் குழாயில் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று பொருள். தாழ்வான இடத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்துவிட்டால் சரியாகும். மார்கழி, தை மாதங்களில் குளிரால் வாயு கண்கூடாகக் குறையும். நாளொன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதையும் எங்கள் பகுதிக்காரர்கள் மறக்கக்கூடாது. கோடையில் கிணறு வற்றும்போது கட்டுத்தரை கழுவிய நீரையும் மாட்டுக் கோமியத்தையும் கலந்து சமாளிக்கிறோம்.

இனிப் பணக் கணக்கு. முன்பு ஆண்டுக்கு 8 சிலிண்டர் வாங்கினோம்; இப்போது மழைக்கும் விருந்தாளிகளுக்குமாக 2 வாங்குகிறோம். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,400 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்பக் கிட்டத்தட்ட 8 ஆண்டு ஆகும். இந்த ஒன்றை மட்டும் வைத்து, இது கட்டுப்படியாகாது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் வெளியேற்றுத் தொட்டியைப் பார்க்காதவர்கள் என்றுதான் சொல்வேன். சாணத்தை வரட்டி தட்டி எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும். கலனிலோ வாயு மட்டும் பிரிந்து, தழைச்சத்து பெரும்பாலும் கரைசலிலேயே தங்கி வெளியே வருகிறது. வாடை குறைவு, ஈ மொய்ப்பதில்லை, களை விதைகளில் பெரும்பகுதி உள்ளேயே முளைப்புத் திறனை இழந்துவிடுகின்றன. குப்பைக் குழியில் மாதக்கணக்கில் வெயிலுக்கும் மழைக்கும் காய்ந்து கரைந்த எருவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு செடியில் தெரிகிறது. எங்கள் மூலனூர் முருங்கைக்கு வாய்க்காலில் தண்ணீரோடு கலந்து விடுகிறோம். மீதியைச் சருகோடு சேர்த்து மண்புழுத் தொட்டியில் இடுகிறோம். முருங்கைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் கடையில் யூரியா வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என்னைக் கேட்டால் இது உரக் கலன். சமையல் வாயு அதனுடன் கிடைக்கும் உபரி.

கட்டுத்தரையில் நிரந்தரமாக இரண்டு மாடாவது நிற்காதவர்களும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வெளியூர் போகிறவர்களும் இதைக் கட்ட வேண்டாம். வீட்டுக் கழிவு மட்டுமே உள்ளவர்களுக்குக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுப் பிரிவு வடிவமைத்த ‘சக்தி சுரபி’ போன்ற சமையற்கழிவுக் கலன்கள் பொருத்தமானவை. கொஞ்சம் நிலமும், தினமும் சாணம் கரைக்க மனமும் உள்ள குடும்பத்துக்கு எந்தத் தயக்கமும் இன்றித் தீனபந்துவைப் பரிந்துரைக்கிறேன். அடியில் படிந்த மண்ணை அள்ள எங்கள் கலனை வரும் சித்திரையில் திறக்கப் போகிறோம். உட்பூச்சு எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க விரும்பும் அக்கம்பக்கத்தார் அப்போது வரலாம்.