செரின் 757 ஆன்டிபாடி: இரண்டு வயல் (சிறு குப்பி) தீர்ந்த பிறகு எழுதுகிறேன்

ஜனவரியில் ஒரு வயல், மே மாதம் இன்னொன்று. ஒவ்வொன்றும் 100 மைக்ரோலிட்டர். செல் தன்னையே செரிப்பதைத் தொடங்கிவைக்கும் யுஎல்கே1 புரதத்தில், 757-ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் போய் ஒட்டும் முயல் ஆன்டிபாடி. கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். இந்த செரினுக்கு எங்கே வாங்கினாலும் நான் சொல்லப்போகும் விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

இதை ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் ஆட்டோபேஜி (செல் தன் பகுதிகளையே செரிப்பது) என்றாலே எல்சி3 பிளாட்தான்: செல்லின் புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரித்து, மெம்பரேன் தாளுக்கு மாற்றி, எல்சி3 என்ற புரதத்தை ஆன்டிபாடியால் கோடாக (பேண்ட்) காட்டும் சோதனை. இரண்டாவது பேண்ட் தடித்தால் செல் தன்னையே அதிகமாகச் செரிக்கிறது என்று எழுதிவிடுவோம். ஆனால் செல்லின் செரிமானப் பையான லைசோசோம் வேலை செய்யாமல் நின்றாலும் அதே பேண்ட் தேங்கித் தடிக்கும். அதோடு, எல்சி3 என்பது கதையின் கடைசிப் பக்கம். எனக்கு வேண்டியது முதல் பக்கம்: செரிமானத்தைத் தொடங்கச் சொன்னது யார்?

செல்லுக்குச் சாப்பாடு போதுமான அளவு இருக்கும்போது சத்து இருப்பை உணரும் எம்டார் கூட்டுப்புரதம் லைசோசோமின் மேல் உட்கார்ந்து, யுஎல்கே1-இன் இந்த செரினில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை யுஎல்கே1 அடங்கிக் கிடக்கும். அமினோ அமிலம் குறைந்தால் எம்டார் ஓய்ந்துவிடும், பாஸ்பேட் உதிரும், யுஎல்கே1 எழுந்து வேலையைத் தொடங்கும். அதாவது இந்த ஒரு பேண்டைப் பார்த்தால் எம்டாரின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தச் செலவு.

முதல் பிளாட் மோசம். மெம்பரேன் முழுக்கக் கருப்பு. கவிதா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பால்லயா பிளாக் பண்ணுன? கேசீன்லயே பாஸ்பேட் இருக்கேம்மா" என்றார். மறுநாள் மெம்பரேனின் காலி இடங்களை மூட 5 சதவீத பிஎஸ்ஏவுக்கு (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) மாறினேன், பின்னணி வெளுத்தது. செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில், பாஸ்பேட்டை வெட்டும் நொதியை அடக்கும் பாஸ்படேஸ் தடுப்பானை அன்றன்றைக்குப் புதிதாகச் சேர்ப்பதும் கட்டாயம். செல்லைச் சுரண்டி எடுப்பது முழுக்க ஐஸ் மேல்தான்.

இரண்டு விஷயம் என்னைக் குழப்பியது. கணக்குப்படி யுஎல்கே1 112 கிலோடால்டன். ஜெல்லில் 150 பக்கத்தில் நிற்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் ஓடும். அப்புறம், 757 என்பது சுண்டெலிக் கணக்கு. மனிதப் புரதத்தில் அதே செரின் 758. எங்கள் ஹீலா என்ற மனித செல்லில் இந்த ஆன்டிபாடி நன்றாகவே பிடித்தது.

இப்போது சரியாக வந்த பிளாட்டைப் பற்றி. முதல் லேன் (ஜெல்லின் ஒரு தடம்) முழு மீடியம் (செல் வளரும் ஊட்டக் கரைசல்): கரிக்கோடு மாதிரி அழுத்தமான பேண்ட். அடுத்தது அமினோ அமிலம் இல்லாத ஈபிஎஸ்எஸ் உப்புக் கரைசலில் அரை மணி நேரம்: பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு மணி நேரத்தில் சாயல் மட்டும். கடைசி லேனில் எம்டாரைத் தடுக்கும் டோரின் 1 என்ற மருந்து, 250 நானோமோலார்: துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. எம்டாரை ராபமைசின் என்ற இன்னொரு தடுப்பானைவிட முழுமையாக அடக்குவதால் இதையே கன்ட்ரோலாக வையுங்கள். அதே லைசேட்டில் (உடைத்த செல் கரைசல்), பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒட்டும் மொத்த யுஎல்கே1 ஆன்டிபாடியை ஓட்டினால் எல்லா லேனிலும் பேண்ட் இருந்தது, பட்டினி லேன்களில் கொஞ்சம் கீழே இறங்கி. பாஸ்பேட் உதிர்ந்ததன் அடையாளம் அது. மொத்த யுஎல்கே1 இல்லாமல் இந்த ஆன்டிபாடியை மட்டும் வாங்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. எலியின் சிறுநீரகத்திலிருந்து வந்த என்ஆர்கே செல்லை குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இல்லாத மீடியத்தில் நீண்ட நேரம் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் மறைந்த பேண்ட் பத்தாவது மணியில் மெல்லத் திரும்பி வந்தது. வெளியிலிருந்து நான் எதுவும் கொடுக்கவில்லை. செல் தன்னையே செரித்து எடுத்த அமினோ அமிலம் எம்டாரை மறுபடி எழுப்பியிருக்கிறது, எம்டார் செரிமானத்துக்கு மறுபடி கடிவாளம் போட்டிருக்கிறது. 2010-லேயே வெளிவந்த முடிவுதான். ஆனாலும் இருட்டறையில் அந்தக் கோடு என் பிலிமில் தெரிந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். எல்சி3 மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

555-ஆவது செரினுக்கும் ஒரு ஆன்டிபாடி விற்கிறார்கள். அது, செல்லில் ஆற்றல் குறைவதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதி பாஸ்பேட் ஏற்றும் இடம். 2011-இல் வந்த கட்டுரைகளை வைத்து ஏஎம்பிகே ஆட்டோபேஜியைத் தூண்டும் என்றே படித்தோம். அமினோ அமிலப் பட்டினியில் அது தடுக்கவும் செய்கிறது என்று சமீபத்தில் காட்டியிருக்கிறார்கள். அதனால் 555 பேண்ட் வந்ததும் ஆட்டோபேஜி தொடங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

குறை டெலிவரியில்தான். மே மாத வயல் சென்னை வரை ஒழுங்காக வந்து, அங்கிருந்து டீலர் திருச்சிக்கு பஸ் பார்சலில் அனுப்பியது. தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக் வெதுவெதுப்பாக இருந்தது. கிளிசரால் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார்கள். ஜனவரி வயலை 1:1000 விகிதத்தில் கலந்து ஓட்டினேன், இதை 1:500-இல் ஓட்டினால்தான் அதே அழுத்தம் கிடைத்தது. அதாவது பாதி வயல் நஷ்டம். ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகையில் ஓடும் லேபுக்கு அது சின்ன இழப்பில்லை. பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தால் மாற்றிக் கேட்டிருக்கலாம்.

எம்டார் பக்கத்துச் சைகையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கன்ட்ரோல் தட்டுக்கும் அதே நேரத்தில் மீடியம் மாற்றுங்கள். புது மீடியம் பட்டாலே எம்டார் ஏறும், அதைப் பட்டினியின் விளைவு என்று நினைத்து நான் ஒரு வாரம் வீணாக்கினேன். மூன்றாவது வயலுக்கு வெயில் தணிந்து நவம்பரில் ஆர்டர் போடப்போகிறேன். சென்னைக்கு நானே ரயிலில் போய் வாங்கிக்கொள்வதாக டீலரிடம் சொல்லியாயிற்று.