மணி சொல்ல வைக்கிறது, கிழமையில் கைவிடுகிறது

ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலத்தில் மணியும் கிழமையும் சொல்லப் பழகுவதற்கென உருவாக்கப்பட்ட கைப்பேசிச் செயலி ஒன்றை, நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவரும் ஸ்பானிய நண்பர் ஒருவருடன் அமர்ந்து முழுவதுமாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

மணிப் பகுதியைத் தயாரித்தவர்களுக்கு ஸ்பானியர் எங்கே இடறுவார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஸ்பானியத்தில் ஒரு மணியை மட்டும் 'எஸ் லா ஊனா' என்று ஒருமையிலும், மற்ற மணிகளை 'சோன் லாஸ் த்ரேஸ்' என்பதுபோலப் பன்மையிலும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ எல்லா மணிக்கும் 'இட் இஸ்' ஒன்றே போதும். முதல் பாடமே இதைக் காட்டிவிடுவதால், 'தே ஆர் த்ரீ' என்று தொடங்கும் பிழை என் நண்பரிடம் இரண்டாம் நாளே மறைந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் சொல்வரிசை. 2.45 என்பதை ஸ்பெயினில் 'லாஸ் த்ரேஸ் மேனோஸ் க்வார்த்தோ', அதாவது மூன்றில் கால் குறைவு, என்பார்கள். மணி முன்னே, நிமிடம் பின்னே. ஆங்கிலத்தின் 'குவார்ட்டர் டு த்ரீ' இதைத் தலைகீழாக்குகிறது. செயலியில் நிமிட முள் ஆறைக் கடந்ததும் கடிகாரத்தின் இடப்பாதி நிறம் மாறி, 'டு' என்ற சொல் தோன்றுகிறது; முள்ளை விரலால் நகர்த்த நகர்த்த, கீழே வாக்கியமும் மாறிக்கொண்டே வருகிறது. நான் பலமுறை விளக்கியும் பதியாதது இந்த ஒரு படத்தில் பதிந்துவிட்டது. லத்தீன் அமெரிக்காவில் பலர் சொல்லும் 'க்வார்த்தோ பாரா லாஸ் த்ரேஸ்' ஏறக்குறைய ஆங்கில வரிசையிலேயே அமைந்திருப்பதைச் செயலி சுட்டாமல் விட்டது மட்டுமே இப்பகுதியில் எனக்குப் பட்ட குறை.

கிழமைப் பகுதியில் ஏழு படங்களும் ஏழு ஒலிப்பதிவுகளும் தவிர வேறொன்றும் இல்லை. 'வெட்னெஸ்டே' என்று எழுத்துக்கூட்டிப் படித்தவருக்குத் தவறு என்று சிவப்புக் குறி காட்டுகிறதே ஒழிய, அதில் முதலில் வரும் 'டி' ஒலிக்காது என்று சொல்வதில்லை. சொல்லுக்குச் சொல் 'தி மண்டே' என்றாகும் 'எல் லூனெஸ்', ஆங்கிலத்தில் 'ஆன் மண்டே' ஆவதற்கும் விளக்கம் இல்லை. 'டியூஸ்டே', 'தர்ஸ்டே' இரண்டையும் குழப்பிக்கொண்ட நண்பர், வியாழக்கிழமைச் சந்திப்புக்குச் செவ்வாயன்றே போய் நின்றார்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்பானியக் கிழமைகள் தமிழைப் போலவே நிலவு, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்ற வரிசையில் அமைந்தவை. ஆங்கிலத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரையான நான்கு நாள்களில் அந்தக் கோள்களுக்குரிய ரோமானியத் தெய்வங்களின் இடத்தில் ஜெர்மானியத் தெய்வங்கள் அமர்ந்திருக்கின்றன. ஸ்பானிய வியாழக்கிழமையான 'ஹுவேவெஸ்' இடியின் தெய்வமான ஜூபிடரின் நாள். 'தர்ஸ்டே' அதே இடிக்குரிய தோரின் நாள். செயலி சொல்லியிருக்க வேண்டிய இதை நானே சொன்ன பிறகு, நண்பர் தம் நாட்குறிப்பில் வியாழக்கிழமைதோறும் ஒரு மின்னலை வரைந்து வைத்திருக்கிறார். பக்கத்தில் 'தர்ஸ்டே' என்று எழுதும்போது மட்டும், ஸ்பானியப் பழக்கத்தில், இன்னமும் சிறிய எழுத்தில்தான் தொடங்குகிறார்.