ஜோயி ஸ்டேஜஸ் கார் சீட்: ஐசோஃபிக்ஸ் இல்லாத காருக்கு வாங்கலாமா?

ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (பெல்ட் இல்லாமலே கார் சீட்டை நேரடியாக மாட்ட, காரின் இருக்கையில் பொருத்தப்பட்டிருப்பவை) இல்லாத பழைய ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் பிறந்த குழந்தைக்குக் கார் சீட் தேடத் தொடங்கினால், பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அதில் எஞ்சுபவற்றுள் ஒன்று ஜோயி நிறுவனத்தின் ஸ்டேஜஸ். காரிலுள்ள மூன்று முனை பெல்ட்டைக் கொண்டே இதைப் பொருத்திவிடலாம். எங்கள் மகளுக்காக இதை வாங்கிச் சென்னைச் சாலைகளில் பயன்படுத்திவரும் எனது கருத்து இதுதான்: வாங்கத் தகுந்த சீட், ஆனால் சொந்தக் காரில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பிறந்தது முதல் 25 கிலோ வரை என்று விளம்பரம் சொல்கிறது. அந்த 25 என்னை ஈர்க்கவில்லை. 18 கிலோ வரை குழந்தையைக் காரின் பின்புறம் நோக்கி உட்கார வைக்க முடியும் என்பதுதான் இந்த சீட்டின் உண்மையான மதிப்பு. கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் சிறிய சீட்டுகள் பெரும்பாலும் 13 கிலோவோடு நின்றுவிடுகின்றன. கைக்குழந்தைக்கு உடலின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து வலுவற்றது. நேருக்கு நேர் மோதும்போது முன்நோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை வார்கள் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்நோக்கி அமர்ந்திருந்தால் முதுகும் கழுத்தும் தலையும் சீட்டின் முதுகுப்பலகையில் ஒன்றாகத் தாங்கப்படும். 9 கிலோவிலேயே முன்நோக்கித் திருப்ப இந்த சீட்டில் அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதற்காகத் திருப்ப வேண்டியதில்லை.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 5 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 70 கிலோ மூட்டையைத் தாங்கும் அளவுக்குப் பலம் வேண்டும். அந்தக் கணக்கைச் சொன்ன பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொருத்துவதில்தான் இந்த சீட் நம்மைச் சோதிக்கிறது. பின்நோக்கிப் பொருத்தும்போது பெல்ட் நீலக் குறிகள் வழியாகவும், முன்நோக்கிப் பொருத்தும்போது சிவப்புக் குறிகள் வழியாகவும் செல்ல வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் சீட் உறுதியாக நிற்பதுபோல் தோன்றினாலும் மோதலில் பிடி கொடுக்காது. பெல்ட்டைச் செருகியபின் முழங்காலை சீட்டின் மேல் ஊன்றி, உடல் எடை முழுவதையும் கொடுத்து, முதலில் இடுப்புப் பகுதியையும் பிறகு தோள் பகுதியையும் இழுத்து இறுக்க வேண்டும். பெல்ட் செல்லும் இடத்தைப் பிடித்து இரு பக்கமும் அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து அசைத்துப் பார்ப்பவர்கள் வீணாகப் பயப்படுவார்கள், ஏனெனில் பின்நோக்கிய சீட்டின் உச்சி ஓரளவு ஆடத்தான் செய்யும். இன்னொன்றைக் கடைக்காரர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. சில கார்களில் பின்னிருக்கைப் பக்கிளின் தண்டு நீளமாக இருக்கும். பெல்ட்டை இறுக்கும்போது பக்கிள் கார் சீட்டின் விளிம்பில் வளைந்து அழுந்தினால் மோதலில் அது உடையவோ கழன்றுகொள்ளவோ கூடும். அப்படி அழுந்துகிறதென்றால் அந்தக் காரின் அந்த இருக்கைக்கு இந்த சீட் பொருந்தாது. வேறு இருக்கையிலோ வேறு சீட்டிலோதான் வழி தேட வேண்டும். முன்னிருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்நோக்கிய சீட்டை அங்கே எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது.

ஐந்து முனை வாரும் தலைத்தாங்கியும் ஒன்றாகவே ஏறி இறங்குவது பெரிய வசதி. குழந்தை வளர வளர வாரை உருவி வேறு துளையில் கோக்கும் வேலை இல்லை. பின்நோக்கி அமரும்போது வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். இறுக்கியபின் காறை எலும்பின் அருகில் வாரை விரல்களால் கிள்ளினால் மடிப்பு சிக்கக் கூடாது. குளிர்சாதனக் காற்றுக்குப் பயந்து குழந்தையைத் துணியில் சுற்றி, அதன் மேல் வாரை மாட்டுவது தவறு. வாரை மாட்டிய பிறகு மேலே போர்த்திவிடலாம். பிறந்த குழந்தையின் தலை மார்பின் மீது கவிழ்ந்தால் மூச்சு தடைபடும் என்பதால் சாய்வுக் கோணத்தைக் கையேட்டின்படி சமதரையில் காரை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பின்நோக்கி வைத்தால் சிறிய காரில் முன்னிருக்கையை நன்றாக முன்னால் தள்ள வேண்டியிருக்கும். உயரமானவர் அங்கே உட்கார்ந்தால் கால் நீட்ட இடம் இராது. உறங்கும் குழந்தையை சீட்டோடு வீட்டுக்குள் தூக்கிச் செல்ல முடியாது. அடிக்கடி கார் மாற்றுபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவது அலுப்பைத் தரும். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் சுடும் என்பது எல்லா சீட்டுக்கும் பொது. சித்திரை வைகாசியில் குழந்தையை அமர்த்துமுன் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

நாங்கள் சென்ற கடைகளில் ஒன்று மட்டுமே சீட்டைக் காருக்கு எடுத்து வந்து வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டது, அங்கேயே வாங்கினோம். வாங்கும்போது சீட்டில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற முத்திரையில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் குழந்தை சீட்டுக்கான ஆர்44 பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் 44/04 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சீட்டைக் குறைந்த விலைக்கு யாரேனும் கொடுத்தால், அது விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய வேண்டாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தகுந்த சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அதற்காக வழிமறித்து நிறுத்தப்பட்ட எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

காரில் ஐசோஃபிக்ஸ் இருக்குமானால் இந்த சீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் ஆர்44-க்குப் பின் வந்த, ஐ-சைஸ் எனப்படும் ஆர்129 தரத்துக்கு உட்பட்ட சீட்டைப் பார்க்கலாம். அதில் பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு, 15 மாதம் வரை பின்நோக்கி அமர்த்துவது கட்டாயமும்கூட.