மாவளியா, ஸ்டீல் வூலா, டார்ச்சா? இரவில் ஒளிக்கோலம் எடுக்க எது தோது

இருட்டில் கேமரா ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்து, அசையும் ஒளியின் தடத்தைக் கோடாகப் பதிவதுதான் ஒளிக்கோலம். கார்த்திகை தீபத்தன்று மாவளியை, அதாவது பனம்பூக் கரிப்பொதியை, பொறி பறக்கச் சுற்றுவதைப் படமாக்கும் ஆசையில்தான் இதில் இறங்கினேன். இணையத்தில் தேடினால் எல்லோரும் ஸ்டீல் வூல் என்கிற இரும்பு இழைப் பஞ்சைத்தான் காட்டுகிறார்கள். இரண்டையும், கூடவே கம்பி மத்தாப்பையும் டார்ச்சையும் சுற்றிப் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு மாவளிக்குத்தான்.

ஸ்டீல் வூல் என்றதும் பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பியை எடுத்துவிடாதீர்கள், அது பற்றாது. பஞ்சு மாதிரி மெல்லிய இழையாக இருக்கும் 0000 ரகம் வேண்டும். அதை முட்டை அடிக்கும் விஸ்க்குக்குள் அடைத்து, சங்கிலியில் கட்டி, 9 வோல்ட் பேட்டரியின் முனைகளை உரசினால் பற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இரும்புத் துளிகள் மஞ்சள் வெள்ளையாகச் சீறும், தரையில் பட்டும் அணையாமல் எகிறும். படத்தில் பிரமாண்டம்தான். ஆனால் பதினைந்து, இருபது நொடியில் கதை முடிந்துவிடும். ஒருமுறை கேமராவைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர் கண்ணாடியில் கடுகளவு பழுப்புப் புள்ளி. துடைத்தும் போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடியே குழிந்திருந்தது.

மாவளி வேறு ரகம். ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் போட்டு எரித்து, மூடி, கரியாக்கி, இடித்துப் பொடி செய்ய வேண்டும். பழைய பருத்தித் துணியில் அந்தப் பொடியை இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நுனியில் கயிறு போட்டால் தயார். கங்கு வைத்துச் சுற்றினால் கரிப்பொறி செம்மஞ்சளாகப் பூ உதிர்வதுபோல் இறங்கும். இரும்புப் பொறியின் கோடு ஈட்டி மாதிரி நேராகப் போகும். இதன் கோடு வளைந்து, காற்றோடு சாய்ந்து, மெல்ல மங்கும். சில நிமிடம் நின்று எரிவதால் ஒரே மாவளியில் நாலைந்து படம் எடுக்கலாம். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெளிச்சம் குறைவு என்பதுதான் இதன் குறை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. பொறி ஒரு புள்ளியைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரத்தில். அதன் பிரகாசம் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு; எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) கையில்தான் இருக்கிறது. ஷட்டர் நேரம் தூக்கிக் காட்டுவது பின்னாலிருக்கும் வானத்தையும் மரத்தையும். அதனால் ஸ்டீல் வூலுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11 போதும். மாவளிக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 30 நொடியில் ஆரம்பித்துப் பாருங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். சுற்றுபவர் மேல் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

கம்பி மத்தாப்பு எளிது, குழந்தைகளுக்கும் குஷி. ஆனால் புகை படத்தை மூடிவிடும்.

எழுத்தோ உருவமோ வரைய வேண்டுமென்றால் டார்ச்சுக்குப் போட்டியே இல்லை. 1949இல் புகைப்படக்காரர் கியோன் மிலி எடுத்த படங்களில் ஓவியர் பிக்காசோ இருட்டறையில் சின்ன விளக்கால் அந்தரத்தில் வரைந்தது இந்த வழிதான். தீ பயம் கிடையாது, பழகவும் இதுவே நல்லது. கேமராவைப் பார்த்து நின்று ‘அ’ எழுதினால் படத்தில் இடவலம் மாறி விழும், அப்புறம் திருப்பிக்கொள்ளலாம். ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உள்ளங்கையால் விளக்கை மூடிக்கொள்ளுங்கள்.

தீ சுற்றுகிறவர் பாலியஸ்டர் போடவே கூடாது. பருத்திச் சட்டை, தொப்பி, கண்ணைக் காக்கும் கண்ணாடி அவசியம். வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, காய்ந்த புல் இருக்கும் பக்கமே போகாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவது மாவளிக்கு இன்னொரு கொடுப்பினை. எட்டு மணிக்குள் கிழக்கே நிலா நன்றாக ஏறியிருக்கும். அதை முதுகுக்குப் பின்னால் வைத்து மேற்கே பார்த்துக் கேமராவை நிறுத்தினால், பொறி வட்டத்துக்குப் பின்னால் பனைமரங்களும் நிலா வெளிச்சத்தில் மங்கலாக எழுந்து வரும்.